வானதி முறை

மேலவீட்டு சிவசாமி நெல் விஷயத்தைத் தவிர வேறெதிலும் பொய் சொன்னவர் இல்லை. நெல் விஷயத்தில் செய்ததையும் அவர் பொய்யில் சேர்த்ததில்லை. மூட்டை கொள்முதலுக்குப் போகும்போது, அடியில் எவ்வளவு ஈரம் இருந்தாலும், சாக்கின் வாய்ப்பக்கம் மட்டும் நன்றாகக் காய்ந்த நெல்லைப் போட்டுத் தைப்பது அந்தக் குடமுருட்டி ஆற்றங்கரையின் வழக்கம். அதிகாரி குத்தூசியை எந்த இடத்தில் செருகுவார் என்று எல்லோருக்கும் தெரியும். செருகுகிற இடம் காய்ந்திருந்தால் மூட்டை முழுவதும் காய்ந்தது. அதிகாரிக்கும் இது தெரியும். தெரிந்ததைக் காட்டிக்கொள்ளாமல் இருப்பதற்காகத்தான் அவருக்கு நாற்காலி போட்டிருக்கிறார்கள்.

இந்த வழக்கம் நெல்லோடு நின்றிருந்தால் இந்தக் கதைக்கு வேலையே இருந்திருக்காது.

மேலவீடு மானத்துக்குப் பேர்போனது. அந்த வீட்டு ஆட்கள் ஓடி ஊர் பார்த்ததில்லை. மழை பிடித்துக்கொண்டால் நனைந்தபடி அதே நடையில் வருவார்கள். பஸ் நகர்ந்துவிட்டால் அடுத்த பஸ்ஸுக்கு நிற்பார்கள். வைக்கோல்போர் தீப்பிடித்த அன்றுகூட சிவசாமியின் அப்பா மேல்துண்டைச் சரிசெய்துகொண்டு நடந்துதான் போனார். அவர் போய்ச் சேர்ந்தபோது போர் எரிந்து முடிந்திருந்தது. ஆனால் நடையில் குறை சொல்ல யாராலும் முடியவில்லை.

மகன் செந்தில்குமாரும் மருமகளும் சிங்கப்பூரில் வேலை பார்த்ததால் பேத்தி வானதி சிவசாமியிடம் வளர்ந்தாள். ஏழாவது படித்தாள். பள்ளிக்கூடம் கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் இருந்தது, காரில்தான் போனாள். தெருவில் மற்றப் பெண்பிள்ளைகள் பாண்டி ஆடுவதை ஜன்னல் வழியாகப் பார்ப்பாள். ஒருநாள் தானும் போகலாமா என்று கேட்டாள்.

"மேலவீட்டுப் பொண்ணு தெருவுல குதிக்கிறதா?" என்றார் சிவசாமி.

அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. ஜன்னலுக்குப் பதிலாகச் செல்போனும், பாண்டிக்குப் பதிலாக ஒரு டப்பா முறுக்கும் வந்தன. பிள்ளை நன்றாகப் பூரித்தாள். ஊரில் எல்லோரும் "மேலவீட்டு வளர்ப்பு" என்றார்கள். சில மாதங்களாக அவள் செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தாள்; மாலையானால் சோர்ந்து படுத்தாள்; கழுத்தைச் சுற்றிக் கறுப்பாக ஒரு வளையம் விழுந்தது. அழுக்கு என்று நினைத்து, பயத்தமாவு போட்டுத் தேய்த்துக் குளிக்கச் சொன்னார் சிவசாமி. கழுத்து சிவந்தது. கறுப்பு போகவில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஊருக்கு மையம் வந்தது.

காவிரிப் படுகை வளரிளம் எலும்புச் சுரப்பு நல மையம் என்பது அதன் முழுப்பேர். கட்டடத்தைவிடப் பலகை நீளம் என்பதால் இரண்டு பக்கமும் மூங்கில் முட்டுக் கொடுத்திருந்தார்கள். எலும்பு என்பது உடம்பைத் தாங்குகிற வெறும் கம்பு இல்லையாம். அதுவும் ஒரு சுரப்பி மாதிரியாம். ஆஸ்டியோகால்சின் என்று ஒன்று அதிலிருந்து ரத்தத்தில் கலக்கிறதாம். உடம்பு சர்க்கரையைக் கையாளும் விதத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்கலாம் என்று எலிகளிடம் பார்த்திருக்கிறார்கள். வளரும் பிள்ளைகளிடம் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இதைத் திறப்பு விழாவில் மையத்தின் இயக்குநர் டாக்டர் சூர்யபிரகாஷ் விளக்கினார்.

"எலிகளிடம் தெரிந்துவிட்டது. பிள்ளைகளிடம் தெரிய வேண்டுமானால் பிள்ளைகள் ஒத்துழைக்க வேண்டும். எலிகள் எங்களுக்கு முழு ஒத்துழைப்புக் கொடுத்தன என்பதை இங்கே பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன்."

முடிவுகள் எதையும் மூடி மறைக்கமாட்டோம், வீட்டுப்பேரோடு ஒலிபெருக்கியில் வாசிப்போம் என்றும் சொன்னார். வெளிப்படையாக நடப்பது மையத்தின் உயிர்மூச்சாம்.

முதல் முகாமில் ஃபஹ்மிதா என்ற நர்ஸ் வானதியின் விரலில் குத்தி, சின்ன மெஷினைப் பார்த்தாள். பிறகு சிவசாமியைத் தனியே கூப்பிட்டாள்.

"ஐயா, பாப்பாவுக்குச் சர்க்கரை அதிகமாத் தெரியுது. கழுத்துல இருக்கறது அழுக்கு இல்லீங்க. நாளைக்கு வெறும் வயித்துல கூட்டிட்டு வாங்க, ஊசில ரத்தம் எடுத்துப் பாத்துடலாம். பயப்படாதீங்க. இந்த வயசுல ஓடியாடவிட்டு, சாப்பாட்டையும் பாத்துக்கிட்டா நல்லா மாத்தம் வரும்."

அவள் சொன்னதில் பாதிதான் சிவசாமியின் காதில் ஏறியது. மீதிக் காதில் ஒலிபெருக்கி கேட்டது. மேலவீட்டு வானதி, சர்க்கரை. நாளைக்கு இவளைப் பெண் கேட்டு யார் வருவார்கள்? செந்தில்குமாருக்கு என்ன பதில் சொல்வது?

வீட்டுக்கு வரும் வழியில், வயலில் ராஜாத்தி களை பறித்துக்கொண்டிருந்தாள். மேலவீட்டு வயலில் வேலை செய்கிறவள். அவள் மகள் ஜெயபாரதி வானதியின் வகுப்பு. தாயைத் தேடி வந்த அந்தப் பெண் வரப்பிலிருந்து வாய்க்காலுக்கு அந்தப்பக்கம் ஒரே தாவாகத் தாவி, திரும்பவும் தாவி வந்தாள். சிவசாமி நின்று பார்த்தார். சாக்கின் வாயில் போட வேண்டிய நெல் எது என்று அவருக்குப் பார்த்தவுடன் தெரியும்.

"ராஜாத்தி, நாளைக்கு ஒம்பொண்ணக் கொஞ்சம் அனுப்பு. மையத்துல ஒரு ஊசி ரத்தம். வானதின்னு பேர் சொன்னாப் போதும்."

ராஜாத்தி நிமிரவில்லை. "பாப்பாவுக்கு என்னங்க?"

"ஒண்ணுமில்ல. ஊசின்னா பயப்படுது."

"சின்னப்புள்ளைங்க விஷயமுங்க..."

"நான் கேட்டு நீ இல்லேன்னு சொன்னதில்ல."

அது உண்மைதான். இல்லையென்று சொல்லும்படியான இடத்தில் ராஜாத்தியை அவர் வைத்ததில்லை. அவள் பதில் சொல்வதற்குள் ஜெயபாரதி கேட்டாள்: "அப்ப எம்பேர்ல யாருங்க ஐயா குத்திக்குவாங்க?"

சிவசாமி சிரித்துவிட்டு நடந்தார். சிரிப்பு வரப்பு முனை வரைக்கும்கூட வரவில்லை.

மறுநாள் ஃபஹ்மிதா, வந்த பிள்ளையையும் முதல் நாள் எடுத்து ஒட்டியிருந்த வானதியின் படத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். "சார், நேத்து வந்த பாப்பா இது இல்லையே. மொகமே வேற."

டாக்டர் சூர்யபிரகாஷ் எட்டிப் பார்த்தார். "ஆதார் நம்பர் சரியா இருக்கா?"

"நம்பர் சரியா இருக்கு சார். மொகம்தான்..."

"நாம எதை ஆராய்ச்சி பண்றோம்? வளரும் பிள்ளைகளை. வளர்ற பிள்ளைக்கு மொகம் மாறத்தானேம்மா செய்யும்? மாறலேன்னாதான் நீங்க என்கிட்ட சொல்லணும்."

ஊசி செருகப்பட்டது. தன் பேரில் குத்திக்கொள்ள ஆள் இல்லாத ஜெயபாரதியின் பேருக்கு நேரே பதிவேட்டில் 'வரவில்லை' என்று எழுதப்பட்டது.

ஒலிபெருக்கி முடிவுகளை வாசித்த அன்று சிவசாமி வாசலில் நாற்காலி போட்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். எலும்புச் சுரப்பில் முதலிடம், மேலவீட்டு வானதி. சர்க்கரை, கச்சிதம். தெரு கைதட்டியது. மூட்டை தேறிவிட்டது. அவர் எதிர்பார்த்தது அவ்வளவுதான், முதலிடத்தை எதிர்பார்க்கவில்லை. உள்ளே வானதி மூன்றாவது செம்புத் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தாள்.

மாலையே இயக்குநர் பரிவாரத்தோடு வந்துவிட்டார். பாப்பாவின் அன்றாடம் எப்படி என்று கேட்டார். சிவசாமி ஒளிவுமறைவு இல்லாமல் சொன்னார். ஓடமாட்டாள். குதிக்கமாட்டாள். பள்ளிக்குக் கார். மாலையில் முறுக்கு, செல்போன். இந்த விவகாரத்தில் அதுவரை அவர் சொன்ன உண்மை இது ஒன்றுதான். பின்னால் நடந்த அத்தனையும் இதிலிருந்துதான் முளைத்தன.

இயக்குநர் எழுந்து நின்றுவிட்டார்.

"உலகம் முழுக்க என்ன சொல்றாங்க? பிள்ளைங்க ஓடணும், குதிக்கணும், எலும்புக்கு வேலை கொடுக்கணும்னு சொல்றாங்க. இந்தப் பாப்பா ஓடவே இல்லை. ஆனா முதலிடம்! அப்போ தப்பு எங்க இருக்கு? உலகத்துல இருக்கு!"

அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் சிவசாமி வாய் திறந்தார். திறந்த வாயில் ஓர் ஊழியர் ஜாங்கிரியை வைத்தார்.

அடுத்த வாரம் பள்ளிக்கூடத்துக்குச் சுற்றறிக்கை வந்தது. 'வானதி முறை' என்று தலைப்பு. 'மாணவ மாணவியர் அனைவரும் எல்லா நேரத்திலும் வானதி எவ்வாறு இருக்கிறாரோ அவ்வாறே இருத்தல் வேண்டும். மாறுபடுவோர் ஒத்துழையாதோராகக் கருதப்படுவர்.' விளையாட்டு மைதானத்தில் பெஞ்சு போட்டார்கள். விளையாட்டுப் பீரியடுக்கு 'அசையா நேரம்' என்று பேர் வைத்தார்கள். யாராவது அசைந்தால் விசில் அடிக்க வீரமணி என்பவரை மையம் நியமித்தது. அவர் அதுவரை அந்தப் பள்ளியின் கபடி நடுவராக இருந்தவர். விசில் அதே விசில்.

முறை பக்கத்து ஊர்களுக்கும் பரவியது. வாய்க்காலைத் தாண்டுகிற பிள்ளைகள் பாலத்தைச் சுற்றி வரவேண்டும் என்றார்கள். மாங்காய்க்குக் கல்லெறிந்த பையன் ஒருவன் தோளெலும்பை வீணாக்கியதற்காக எச்சரிக்கப்பட்டான். ஆடிப்பெருக்கன்று சின்னச் சப்பரங்களைப் பிள்ளைகள் தெருத்தெருவாக இழுத்துக்கொண்டு ஆற்றுக்கு ஓடுவார்கள் அல்லவா? அந்த ஆண்டு பிள்ளைகள் படித்துறையில் கை கட்டி உட்கார்ந்திருக்க, மைய ஊழியர்கள் பிள்ளைகளின் சார்பாகச் சப்பரம் இழுத்தார்கள். கழுத்துப்பட்டையும் அடையாள அட்டையுமாக இயக்குநரே ஒரு சப்பரத்தை இழுத்து ஓடினார். முடிவில் மூச்சு வாங்கியபடி, "உடம்புக்கு என்ன சுகமா இருக்கு தெரியுமா!" என்றார். பிள்ளைகள் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"தாத்தா, நான் ஒரு தடவை இழுக்கட்டா?" என்றாள் வானதி.

முன்பு வேண்டாம் என்று சொல்லச் சிவசாமிக்கு மானம் போதுமானதாக இருந்தது. இப்போது சுற்றறிக்கையும் சேர்ந்துகொண்டது. அவர் ஆற்றைப் பார்த்தார்.

அதே படித்துறையில், தனியாகச் சுண்ணாம்பால் போட்ட ஒரு கட்டத்துக்குள் ஜெயபாரதி உட்கார்ந்திருந்தாள். சோதனைக்கு வராததால் அவள் ஒத்துழையாதோர் கணக்கு. மாவட்ட ஓட்டப்பந்தயத்துக்குக் கொடுத்திருந்த அவள் பேரையும் அடித்துவிட்டார்கள். சிவசாமி கடந்தபோது அவள் எழுந்து நிற்கப் பார்த்தாள். வீரமணி விசில் அடித்தார். உட்கார்ந்துகொண்டாள்.

அன்றிலிருந்து சிவசாமிக்குச் சோறு இறங்கவில்லை. முதுகு மட்டும் நிமிர்ந்தே இருந்தது. அது பழக்கம். இரண்டு முறை மையத்தின் வாசல் வரைக்கும் போய், முகப்பில் மாட்டியிருந்த வானதியின் பெரிய படத்தையும் அதன் கீழே இருந்த தன் அப்பாவின் பேரையும் பார்த்துவிட்டுத் திரும்பினார். பரம்பரை எலும்பாம். அப்பா நடந்தே போய்ப் பார்த்த வைக்கோல்போர் அவர் கண்ணுக்குள் எரிந்தது.

பாராட்டு விழாவுக்குப் பெரிய பந்தல் போட்டார்கள். மேடையின் நடுவில் வானதியை உட்கார வைத்து, முறையின் அடையாளம் என்பதால் அசையக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். இயக்குநர் நெடுநேரம் பேசினார்.

"இந்த மையம் வருவதற்கு முன்னால் இந்தப் பகுதிப் பிள்ளைகள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? விளையாடிக்கொண்டிருந்தார்கள்! யாருடைய மேற்பார்வையில்? யாருடைய மேற்பார்வையிலும் இல்லை! இன்று ஒரு பிள்ளையாவது ஓடுவதாகக் காட்டுங்கள் பார்ப்போம்!"

"தாத்தா, தண்ணி" என்றாள் வானதி. உதடு காய்ந்து வெளுத்திருந்தது.

"போட்டோ முடியட்டும் பாப்பா" என்றார் ஓர் ஊழியர்.

"தாத்தா..."

சிவசாமி எழுந்து மைக்கைப் பிடித்தார். 

"அது எம்பேத்தி ரத்தம் இல்ல. ராஜாத்தி மக ஜெயபாரதி ரத்தம். நான்தான் ஆள் மாத்தி அனுப்பினேன். எம்பேத்திக்குச் சர்க்கரை இருக்கு. ஊர் சிரிக்குமேன்னு மறைச்சிட்டேன்."

பந்தல் முழுவதும் இயக்குநரைத் திரும்பிப் பார்த்தது. பிறகு இயக்குநர் கைதட்டத் தொடங்கினார்.

"பார்த்தீர்களா, எத்தனை பெரிய மனது! கிடைத்த பெருமையை வயலில் வேலை செய்யும் ஒரு தாயின் வீட்டுக்குத் தூக்கிக் கொடுக்கிறார்! இந்த எலும்புக்கு இதுதான் குணம்!"

கைதட்டல் பந்தலைத் தூக்கியது. சிவசாமி அவர் கையைப் பிடித்தார். "சத்தியமாச் சொல்றேங்க. இப்பவே குத்திப் பாருங்க."

மைக்கை மூடிக்கொண்டு இயக்குநர் மெதுவாகச் சொன்னார்: "ஐயா, அறிக்கை மேலிடத்துக்குப் போயாச்சு. நீங்க சொல்றது உண்மையா இருந்தா அறிக்கை பொய்யாயிடும். அறிக்கை பொய்யாக முடியாது. அதனால நீங்க சொல்றது என்னன்னு நீங்களே முடிவு பண்ணிக்குங்க. அப்புறம், முதலிடம் வந்த பிள்ளையை மறுபடி குத்திப் பாக்கறதில்ல. மறுபடி பாத்தா வேற நம்பர் வந்து தொலைக்குது."

அப்போது வானதி நாற்காலியிலிருந்து சரிந்தாள்.

"ஆனந்த மயக்கம்!" என்றார் இயக்குநர் மைக்கில். கைதட்டல் இன்னும் பலத்தது.

ஃபஹ்மிதா மேடைக்குப் பாய்ந்து வந்து, விரலில் குத்தி மெஷினைப் பார்த்தாள். "ஐயா, நிக்காதீங்க! ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க!" கூட்டத்திலிருந்து ராஜாத்தி ஏறி வந்து கால்பக்கம் பிடித்தாள். சிவசாமி தோள்பக்கம் பிடித்தார். மேல்துண்டு விழுந்தது. ஒற்றைச் செருப்பு பந்தல் கயிற்றில் மாட்டிக்கொண்டது. மேலவீட்டு ஆள் ஓடியதை ஊர் அன்றுதான் பார்த்தது.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, "கழுத்துல கறுப்பு இவ்ளோ நாளா இருந்திருக்கு, யாரும் பாக்கலையா?" என்று கேட்டார்.

"பாத்தோம்" என்றார் சிவசாமி. "நான்தான் தேச்சுக் கழுவச் சொன்னேன்."

அந்த அம்மா அவரை ஒரு முறை பார்த்துவிட்டு எழுதத் தொடங்கினார். மாத்திரை, சாப்பாடு எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில், "தினம் நல்லா வேர்க்க விளையாடணும். இதுவும் மருந்துதான், விட்றாதீங்க" என்றார். பாவம், அவர் சுற்றறிக்கையைப் பார்த்திருக்கவில்லை.

பிள்ளை தேறி வீட்டுக்கு வந்ததும் சிவசாமி விழாக் கேடயத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, பட்டப்பகலில், தெரு முழுவதும் பார்க்க ராஜாத்தியின் வீட்டுக்கு நடந்தார். அவர் அந்த வாசலுக்கு வந்தது அதுதான் முதல் தடவை. சிங்கப்பூருக்கு எல்லாவற்றையும் போனில் சொல்லியாகிவிட்டது. 

"இது ஒம்பொண்ணோடது" என்றார். 

ராஜாத்தி கேடயத்தை வாங்கவில்லை. "இத வச்சு என்னங்க பண்றது? பாப்பா எப்படி இருக்கு?"

"தேவல."

"இவளுக்கு ஓட்டப்பந்தயம் போச்சுங்க. அது போவட்டும். இனிமேலாச்சும் இவ ஓடலாமா, அதைச் சொல்லுங்க."

உள்ளே ஜெயபாரதி சுவரில் சாய்ந்து, பள்ளியில் பழக்கியபடி கை கட்டி உட்கார்ந்திருந்தாள். வாய்க்காலைத் தாவிய கால்கள் மடங்கிக் கிடந்தன. ஓடு என்று சொல்ல அவருக்கு அதிகாரம் இல்லை. ஓடாதே என்பதற்கு மட்டும் அவர் வீட்டுப் பேர் பயன்பட்டிருந்தது. சுற்றறிக்கை வாசகம் ஒவ்வொன்றாக அவர் நினைவில் ஓடியது. வானதி எவ்வாறு இருக்கிறாரோ அவ்வாறே.

சிவசாமி கேடயத்தை அங்கேயே வைத்துவிட்டு, "நாளைக்கு இவளப் பள்ளிக்கூடத்து மைதானத்துக்கு அனுப்பு. என் கூட வரச் சொல்லல. தானா வரட்டும்" என்றார்.

மறுநாள் கார் வெளியே எடுக்கப்படவில்லை. வானதி தாத்தாவின் கையைப் பிடித்து நடந்தே வந்தாள். மைதானத்தில் பிள்ளைகள் அசையா நேரத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

"ஓடு" என்றார் சிவசாமி.

"ஊர் பாக்குதே தாத்தா."

"பாக்கட்டும்."

வானதி ஓடினாள். அவளுக்கு ஓடத் தெரியவில்லை. பாவாடையைப் பிடித்துக்கொண்டு, மூட்டை நகர்வதுபோல நகர்ந்தாள். வீரமணி விசிலை வாயில் வைத்தார்.

"வீரமணி, சுற்றறிக்கைய எடுத்துப் படிங்க" என்றார் சிவசாமி. "வானதி என்ன பண்ணுதோ அதைத்தான் எல்லாரும் பண்ணணும். இப்ப யாரு ஒத்துழைக்கல? ஒக்காந்திருக்கற பிள்ளைங்களா, ஓடுற பிள்ளையா?"

வீரமணி படித்தார். திரும்பப் படித்தார். பிறகு இயக்குநருக்குப் போன் போட்டார்.  முறை தப்பு என்று மையத்தால் சொல்ல முடியாது; அறிக்கை மேலிடத்தில் இருக்கிறது. "வானதியைப் பின்பற்றுங்கள்" என்று பதில் வந்தது.

வீரமணி பழைய கபடிக் காலத்து வேகத்தோடு விசிலை ஊதினார். உட்கார்ந்திருந்த பிள்ளைகள் அத்தனை பேரும் சட்டப்படி எழுந்து ஓடினார்கள். அந்த வாரமே 'வானதி ஓட்டம்' என்று புதிய பலகை எழுதிக்கொண்டிருந்தார்கள். ஒத்துழையாதோர் பட்டியலில் மட்டும் ஜெயபாரதியின் பேர் அப்படியே இருந்தது. அதை அழிக்க மையத்தில் வழி இல்லையாம். சிவசாமி தினமும் போய்க் கேட்கிறார். தினமும் உட்காரவைத்து டீ கொடுத்து, பெரிய மனது என்கிறார்கள்.

ஆனால் பிள்ளைகள் எழுந்து ஓடிய அந்தக் காலையில், மைதானத்தின் ஓரத்தில் ஜெயபாரதி நின்றிருந்தாள். கூட்டம் ஒரு சுற்று முடிக்கும் வரைக்கும் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு புறப்பட்டாள். வானதியைத் தாண்டும்போது அவள் கையை ஒரு இழுப்பு இழுத்துச் சேர்த்துக்கொண்டு ஓடி, சிறிது தூரத்தில் விட்டுவிட்டு, எல்லோரையும் கடந்து போனாள். சிவசாமி நின்ற இடத்துக்கு வந்தபோதும் வேகத்தைக் குறைக்காமல், திரும்பிப் பார்த்துக் கேட்டாள்:

"ஐயா, இப்ப நான் யார் பேர்லங்க ஓடுறேன்?"

சிவசாமி பதில் சொல்ல வாய் திறந்தார். அவள் அதற்குள் எங்கோ போயிருந்தாள்.